பைலாவும் அரசியல் சாசனமும்: ஆட்சியாளர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் பற்றி ஒரு விளக்கம்

நமது மஹல்லாக்களில் ஜமாஅத் பொதுக்குழு கூடும் நாளை நினைத்துப் பாருங்கள். வரவு செலவு வாசிக்கப்படும். பள்ளிவாசல் கடைகளின் வாடகை பற்றி யாராவது குரல் உயர்த்துவார்கள். வாக்குவாதம் முற்றும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "பைலாவில் என்ன இருக்கிறது? முதலில் அதை வாசியுங்கள்" என்பார். சபை கொஞ்சம் அடங்கும். தலைவர் எத்தனை ஆண்டு பதவியில் இருக்கலாம், காசோலையில் யார் யார் கையெழுத்திட வேண்டும், கடையை யாருக்கு எப்படி வாடகைக்கு விட வேண்டும், நிர்வாகத்தை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். தலைவருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது அவரையும் கட்டுப்படுத்தும்.

ஒரு நாட்டின் அரசியல் சாசனத்தைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய வழி நமக்குத் தெரியவில்லை. சாசனம் என்பது நாட்டின் பைலா. யார் ஆள்வது, எப்படித் தேர்ந்தெடுக்கப்படுவது, எந்த அதிகாரம் யாரிடம், எந்த எல்லையை ஆட்சியாளர் தாண்டக் கூடாது என்பதை அது சொல்கிறது.

எழுதி வைத்துக்கொண்டு அதன்படி நடப்பது நமக்குப் புதிதும் அல்ல. ஹிஜ்ரத்துக்குப் பிறகு நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்கள், அன்ஸாரிகள், யூதக் கோத்திரத்தார் ஆகியோரை உள்ளடக்கி மதீனாவில் செய்த உடன்படிக்கையை ஸீரா நூல்களில் படித்திருக்கிறோம். இரத்த ஈட்டுத் தொகையை எந்தக் குலம் பொறுப்பேற்பது, நகரைச் சேர்ந்து காப்பது, அவரவர் மார்க்கம் அவரவர்க்கு என்பன அதில் வருகின்றன. அதை இன்றைய அரசியல் சாசனத்தோடு அப்படியே ஒப்பிடுவது சரியாகாது. காலமும் வேறு, அமைப்பும் வேறு. ஆனால் பல தரப்பினர் கூடி வாழும் இடத்தில் விதிகளை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற தேவை இரண்டுக்கும் பொதுவானது.

இந்தக் கட்டுரையில் நாம் இந்திய அரசியல் சாசனத்தையே எடுத்துக்கொள்கிறோம். சமீப ஆண்டுகளில் நமது கூட்டங்களில் அதன் முகப்புரை வாசிக்கப்படுகிறது, பதாகைகளில் அச்சிடப்படுகிறது. நல்லதுதான். ஆனால் முகப்புரையைத் தாண்டி உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் படித்த பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள்.

சாதாரணச் சட்டமும் சாசனமும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். திருட்டுக்கு என்ன தண்டனை, வாகனம் ஓட்ட என்ன உரிமம் என்று சொல்பவை சாதாரணச் சட்டங்கள். அவை குடிமக்களாகிய நம்மைப் பார்த்துப் பேசுகின்றன. சாசனத்தின் பெரும்பகுதி அரசைப் பார்த்துப் பேசுகிறது. "சட்டத்தின் முன் சமத்துவத்தை எவருக்கும் அரசு மறுக்கக் கூடாது" என்பது பிரிவு 14. சட்டம் வகுத்த நடைமுறையின்படியே தவிர எவருடைய உயிரையும் தனிநபர் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது பிரிவு 21. அடிப்படை உரிமைகளுக்கு முரணாக அரசு சட்டம் இயற்றினால் அந்த முரண்படும் அளவுக்கு அது செல்லாது என்பது பிரிவு 13. ஒரு சட்டத்தை நாடாளுமன்றத்தில் எத்தனை பேர் கைதூக்கி நிறைவேற்றினாலும் அது சாசனத்துக்கு உட்பட்டதா என்று கேட்க இந்தப் பிரிவு இடம் தருகிறது.

அதிகாரப் பங்கீடும் சாசனத்தின் வேலைதான். ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. பாதுகாப்பு, வெளியுறவு போன்றவை ஒன்றியப் பட்டியலில். காவல்துறை, பொது அமைதி போன்றவை மாநிலப் பட்டியலில். இரு தரப்பும் சட்டம் இயற்றக்கூடியவை பொதுப்பட்டியலில். திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை, சமய அறநிலையங்கள் ஆகியவை பொதுப்பட்டியலில் இருக்கின்றன. தலாக் பற்றியும் வக்ஃப் பற்றியும் டெல்லியில் எப்படிச் சட்டம் போட முடிகிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். கல்வி முதலில் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. நீட் தேர்வு பற்றிய இன்றைய தகராறின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

சபையில் நம்மவர்கள்

அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 அன்று முதன்முதலாகக் கூடியது. டாக்டர் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவில் ஏழு பேர். அவர்களில் அஸ்ஸாமைச் சேர்ந்த சையத் முஹம்மது சஅதுல்லாவும் ஒருவர். 1949 நவம்பர் 26 அன்று சபை சாசனத்தை ஏற்றுக்கொண்டது. 1950 ஜனவரி 26 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அப்போது அதில் 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் இருந்தன.

மதராஸ் மாகாணத்திலிருந்து காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிபும் போக்கர் சாஹிபும் அந்தச் சபையில் இருந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் பல கிடைக்கவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தனித் தொகுதி வேண்டும் என்ற போக்கர் சாஹிபின் கோரிக்கை 1947இல் தோற்றது. சமய அடிப்படையில் சட்டமன்ற இடங்களை ஒதுக்கும் ஏற்பாடும் 1949 மே மாதம் கைவிடப்பட்டது. பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு 1948 நவம்பர் 23 அன்று விவாதத்துக்கு வந்தபோது, எந்தச் சமூகத்தையும் அதன் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இஸ்மாயில் சாஹிப் திருத்தம் கொண்டுவந்தார். அதுவும் ஏற்கப்படவில்லை. அந்தப் பிரிவே இன்று பிரிவு 44. ஆனால் அது நீதிமன்றம் மூலம் நிறைவேற்றக்கூடிய உரிமைகளின் பகுதியில் வைக்கப்படவில்லை. அரசுக்கான வழிகாட்டு நெறிகளின் பகுதியில் வைக்கப்பட்டது. இந்த வேறுபாடு சிறியதாகத் தெரியலாம். வழிகாட்டு நெறியை நிறைவேற்றும்படி நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்று பிரிவு 37 சொல்கிறது.

கிடைத்தவையும் உண்டு. பிரிவு 25 மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், மதத்தைப் பின்பற்றவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உள்ள உரிமையையும் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுவது நேர்மையாகாது. பிரிவு 30 சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் சாசனம் நடைமுறைக்கு வந்த அடுத்த ஆண்டே, 1951இல், திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னையில் புதுக் கல்லூரியும் தொடங்கப்பட்டன.

பதினான்கு இடங்களின் கதை

சாசனம் காகிதத்தில் எப்படி இருக்கிறது என்பதைவிட, அது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு சிறந்த உதாரணம் இருக்கிறது. நமது பிள்ளைகள் கல்லூரியில் சேரும் ஒவ்வொரு ஜூன் மாதத்தோடும் அது தொடர்புடையது.

நீதிக்கட்சி ஆட்சிக் காலத்திலிருந்து மதராஸ் மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை வழக்கில் இருந்தது. 1950 வாக்கில் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளின் இடங்கள் பதினான்கு பதினான்காகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு பதினான்கிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்று அரிஜனங்கள் என்று குறிப்பிடப்பட்டவர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1.

சாசனம் வந்தவுடன் செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி மருத்துவக் கல்லூரி இடம் தொடர்பாக உயர்நீதிமன்றம் சென்றார். பொறியியல் இடத்துக்காக இன்னொருவரும் சென்றார். அரசு உதவி பெறும் கல்வி நிறுவனத்தில் மதம், இனம், சாதி, மொழி ஆகிய காரணங்களால் மட்டும் எவருக்கும் அனுமதி மறுக்கக் கூடாது என்று பிரிவு 29(2) சொல்கிறதே என்பது வாதம். நலிந்த பிரிவினரின் கல்வியை அரசு அக்கறையோடு வளர்க்க வேண்டும் என்று பிரிவு 46 சொல்கிறதே என்பது மாகாண அரசின் பதில். 1950 ஜூலையில் உயர்நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பிரிவு 46 வழிகாட்டு நெறி. பிரிவு 29 அடிப்படை உரிமை. முரண்பட்டால் அடிப்படை உரிமையே நிற்கும் என்றது தீர்ப்பு. அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு செய்யச் சாசனத்தில் பிரிவு 16(4) இருந்தது. கல்விக்கு அப்படி ஒரு வாசகம் இல்லை. அந்த ஓர் இடைவெளியில் பல ஆண்டு ஏற்பாடு சரிந்தது. முஸ்லிம்களுக்கான அந்தப் பதினான்கில் ஒன்றும் அதோடு போனது.

தமிழகத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பெரியார் போராட்டத்தில் இறங்கினார். தீர்ப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1951 ஜூனில், சாசனத்தின் முதல் திருத்தம் நிறைவேறியது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினரின் முன்னேற்றத்துக்கு அரசு தனி ஏற்பாடு செய்வதைத் தடுக்காது என்ற பிரிவு 15(4) அப்படித்தான் வந்தது. நாட்டின் முதல் பொதுத்தேர்தல்கூட அப்போது நடந்திருக்கவில்லை. சாசனத்தை எழுதிய சபையே தற்காலிக நாடாளுமன்றமாக இருந்து அதைத் திருத்தியது. அதே திருத்தம் பேச்சுரிமை மீது கூடுதல் கட்டுப்பாடுகளையும் கொண்டுவந்தது. நல்லதோடு நெருடலானதும் வந்தது என்றே நாம் கருதுகிறோம்.

15(4)இன் சொற்களைக் கவனியுங்கள். அளவுகோல் மதம் அல்ல. சமூக, கல்விப் பின்தங்கல். 2007இல் தமிழக அரசு வழங்கிய 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு "பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்கள்" என்ற பெயரில் இருப்பதன் காரணம் இதுதான். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்னி, மாப்பிள்ளை, ஷேக், சையத் என்று பட்டியலில் உள்ள பிரிவுகளுக்கே அது பொருந்தும். சாதிச் சான்றிதழில் "முஸ்லிம்" என்று மட்டும் எழுதி வாங்கிவிட்டுச் சேர்க்கை நேரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடும் பெற்றோரை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்த ஓட்டத்தின் காரணம் 1951இல் இருக்கிறது என்று சொன்னால் வியப்பாகத்தான் இருக்கும்.

எதையும் திருத்தலாமா?

பிரிவு 368இன்படி திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கும் வேண்டும். சில விஷயங்களுக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். 2023 வரை 106 திருத்தங்கள் நிறைவேறியுள்ளன.

அப்படியானால் மூன்றில் இரு பங்கு இருந்தால் சாசனத்தையே மாற்றி எழுதிவிடலாமா? காசர்கோடு எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, 1973 ஏப்ரல் 24 அன்று 7க்கு 6 என்ற கணக்கில், முடியாது என்றார்கள். திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது. மடத்தின் நிலம் தொடர்பாகத் தொடங்கிய வழக்கு இன்று எல்லாச் சமூகத்தாருக்கும் அரணாக நிற்கிறது. ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கவலையாகத்தான் இருக்கிறது.

மூன்று பிள்ளைகளும் ஒரு கீதமும்

1985இல் கேரளத்தில் ஒரு பள்ளியிலிருந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நீக்கப்பட்டார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். ஆனால் வாய்திறந்து பாடமாட்டார்கள். தங்கள் நம்பிக்கை அதை அனுமதிக்கவில்லை என்றார்கள். சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது, விசாரணை நடந்தது, பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், அவமதிப்பு எதுவும் செய்யவில்லை என்று அறிக்கையும் வந்தது. ஆனாலும் நீக்கம் நடந்தது. கேரள உயர்நீதிமன்றமும் அவர்களுக்கு உதவவில்லை.

1986 ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றம் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மரியாதையாக நிற்பதே போதும். பேச்சுரிமையும் மதச் சுதந்திரமும் அவர்களுக்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். வாக்கு வங்கியோ ஊர்வலமோ இல்லாத, மிகச் சிறிய ஒரு பிரிவின் மூன்று பிள்ளைகளுக்காக நாட்டின் உச்சநீதிமன்றம் பேசியது.

கர்நாடகக் கல்லூரிகளில் ஹிஜாப் தடை பற்றிய வழக்கில் 2022 அக்டோபர் 13 அன்று உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவர் எதிரெதிர்த் தீர்ப்பு எழுதினார்கள். மாணவியருக்கு ஆதரவாக எழுதிய நீதிபதி சுதான்ஷு தூலியா, இந்தக் கேரளப் பிள்ளைகளின் வழக்கைத்தான் முக்கியமாக எடுத்துக்காட்டினார். நமக்குத் தொடர்பில்லாத ஒருவருடைய உரிமை வழக்கு முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து நம் பெண்பிள்ளைகளுக்குத் துணையாக வந்தது. அடுத்தவர் உரிமை பறிபோகும்போது நாம் மௌனமாக இருப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சாசனம் ஊமையான நாள்

சாசனம் எப்போதும் காப்பாற்றும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அது பொய்யாகிவிடும். 1975 ஜூன் 25 அன்று அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மிசா சட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் சிறைவைக்கப்பட்டார்கள். 1976 ஜனவரி 31 அன்று தமிழகத்தில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. இங்கும் கைதுகள் தொடங்கின. சிறைப்பட்டவர்களுக்காக ஆட்கொணர்வு மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. பல உயர்நீதிமன்றங்கள் அவற்றை விசாரிக்கலாம் என்றன. உச்சநீதிமன்றமோ 1976 ஏப்ரல் 28 அன்று, அவசரநிலைக் காலத்தில் அப்படி நீதிமன்றம் வர உரிமையில்லை என்று 4க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பிரிவு 21இன் ஒரு எழுத்துகூட அப்போது அழிக்கப்பட்டிருக்கவில்லை. அதை எடுத்துச் சொல்லத்தான் நான்கு நீதிபதிகளுக்கு மனம் வரவில்லை. மறுத்து எழுதிய நீதிபதி ஹெச்.ஆர். கன்னாவுக்கு, பணிமூப்புப்படி வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி 1977இல் மறுக்கப்பட்டது.

பின்னர் 1978இன் 44ஆவது திருத்தம், அவசரநிலையிலும் பிரிவு 20, 21 ஆகியவற்றை முடக்க முடியாது என்று எழுதியது. அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்று உச்சநீதிமன்றமே 2017இல், அந்தரங்க உரிமை வழக்கில், வெளிப்படையாகச் சொன்னது. நாற்பத்தோரு ஆண்டுகள்.

வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

எல்லாப் பிரிவுகளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் பிரிவு 22 ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். கைது செய்யப்படுபவரிடம் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரை அணுக அனுமதிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நடுவர் முன் நிறுத்த வேண்டும். "சும்மா விசாரிக்கத்தான் கூட்டிப்போகிறோம், காலையில் அனுப்பிவிடுவோம்" என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட மகனைப் பற்றி இரண்டு நாள் தகவலே இல்லாமல் காவல்நிலைய வாசலில் உட்கார்ந்திருந்த தாய்மார்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்த இரண்டாம் நாளில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த நடுவர் முன் ஆஜர்படுத்தினீர்கள்?" என்பதுதான்.

குண்டர் சட்டம் போன்ற தடுப்புக்காவல் சட்டங்களில் இந்த 24 மணி நேர விதி பொருந்தாது. ஒரே பிரிவு ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்துக்கொள்வது போலத்தான் இருக்கிறது. என்றாலும் காவலுக்கான காரணங்களை விரைவாக, அவருக்குப் புரியும் மொழியில் தெரிவித்து, மறுப்பு மனு கொடுக்க வாய்ப்பளிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க அறிவுரைக் குழுமத்தின் கருத்து வேண்டும். ஆவணங்களை மொழிபெயர்த்துத் தராத காரணத்துக்காகவே உயர்நீதிமன்றத்தில் ரத்தான காவல் ஆணைகள் உண்டு. ஆகவே தரப்படும் ஒவ்வொரு தாளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

உரிமை மீறப்பட்டால் பிரிவு 226இன் கீழ் உயர்நீதிமன்றத்தை, சென்னையிலோ மதுரைக் கிளையிலோ அணுகலாம். பிரிவு 32இன் கீழ் நேரடியாக உச்சநீதிமன்றத்தையும் அணுகலாம். அப்படி அணுகுவதே ஓர் அடிப்படை உரிமை. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்று பார்க்கப்படாமலே இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இயங்குகிறது. ஒரு வெள்ளைத்தாளில் தமிழிலேயே மனு எழுதிக் கொடுக்கலாம்.